'லைவ் அட் லீட்ஸ்' இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கும் நண்பர்கள் ஆண்டுக்கணக்காக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ஒரே தட்டைச் சுற்றி வருபவை. அதுவும் நியாயம்தான். என் அலமாரியில் மற்றவை எல்லாம் போனாலும் இது இருந்தால் போதும் என்று நினைக்கிறவன் நான்.

இது யாருடைய ஆல்பம்? எப்போது வந்தது?

'தி ஹூ' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் மேடைப் பதிவு. ரோஜர் டால்ட்ரி பாடகர், பீட் டவுன்ஷெண்ட் கிட்டார், ஜான் என்ட்விசில் பேஸ் கிட்டார், கீத் மூன் டிரம்ஸ். 1970 பிப்ரவரி 14, சனிக்கிழமை இரவு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் மாணவர்கள் முன்னால் அவர்கள் வாசித்த கச்சேரியிலிருந்து ஆறு பாடல்களை எடுத்து, அதே ஆண்டு மே மாதம் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் ட்ராக் நிறுவனம், அமெரிக்காவில் டெக்கா. விற்பனைப் பட்டியலில் இங்கிலாந்தில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை ஏறியது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் 'டாமி' என்ற இரட்டைத் தட்டு வெளிவந்திருந்தது. கண்ணும் காதும் வாயும் அடைபட்ட ஒரு சிறுவனின் கதையைப் பாடல்களாகவே சொன்ன அந்த ஆல்பம் குழுவை உலகப் புகழில் கொண்டுபோய் நிறுத்தியது. உலகம் அவர்களை 'ராக் ஓபெரா' குழு என்று அழைக்கத் தொடங்கிய நேரத்தில் இந்தத் தட்டு வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

மேடைப் பதிவுக்கு லீட்ஸ் ஏன்? லண்டனோ நியூயார்க்கோ இல்லையா?

அமெரிக்காவில் பதிவு செய்யாமல் இல்லை. 1969 இறுதிப் பகுதியில் நடந்த அமெரிக்கப் பயணம் முழுவதையும் குழுவின் ஒலிப் பொறுப்பாளர் பாப் பிரிடன் நாடாக்களில் பிடித்துவைத்திருந்தார். ஊர் திரும்பியதும் அத்தனை நாடாக்களையும் உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பே டவுன்ஷெண்டை மலைக்க வைத்தது. எல்லாவற்றையும் தீயிட்டுக் கொளுத்திவிடச் சொல்லிவிட்டார். இதை அவரே பின்னாளில் சொல்லி வருந்தியிருக்கிறார்.

ராக் இசையை நேசிக்கிற எவருக்கும் இந்தச் செய்தி வயிற்றைப் பிசையும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தீ மூட்டப்படாவிட்டால் இந்த இசைத்தட்டு பிறந்திருக்காது. பத்து ஊர்களின் நாடாக்களை வெட்டி ஒட்டி, இங்கே ஒரு பாட்டு அங்கே ஒரு பாட்டு என்று தொகுத்த வழக்கமான மேடைப் பதிவு ஒன்று வந்திருக்கும். பழைய நாடாக்கள் போனதால்தான் ஒலிப்பதிவுக்கென்றே இரண்டு கச்சேரிகளை ஏற்பாடு செய்தார்கள்: சனிக்கிழமை லீட்ஸ், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஹல் நகர மன்றம். 'பை' (Pye) என்ற நிறுவனத்தின் நடமாடும் ஒலிப்பதிவுக் கருவிகள் வரவழைக்கப்பட்டன.

ஹல் பதிவு என்னவாயிற்று?

கேட்டுப் பார்த்தபோது தொடக்கப் பாடல்களில் பேஸ் கிட்டார் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. என்ட்விசில் இல்லாத 'தி ஹூ' முதுகெலும்பில்லாத உடம்பு. ஒதுக்கிவைத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல் வந்த சிறப்புப் பதிப்பில்தான் ஹல் கச்சேரி வெளியானது. விடுபட்ட பேஸ் பகுதிக்கு லீட்ஸ் பதிவிலிருந்து என்ட்விசிலின் வாசிப்பை எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். முந்தைய நாள் இரவின் வாசிப்பு மறுநாள் கச்சேரியோடு பொருந்திப் போகிறது என்றால், அந்த நால்வரும் எவ்வளவு இறுக்கமாகக் கோத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உறை ஏன் இப்படி வெறும் பழுப்பு அட்டையாக இருக்கிறது? அசல் உறை தொலைந்துபோன பிரதியா?

இல்லை, அதுதான் அசல் உறை. முதல்முறை பார்க்கிற எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். அஞ்சலில் பார்சல் வந்த அட்டையைப் போலப் பழுப்பு நிறம். ஒரு மூலையில் ரப்பர் முத்திரை குத்தியது போலக் குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும். படம் கிடையாது, வேறு அலங்காரம் கிடையாது.

காரணம் அந்தக் காலத்தின் கள்ளப் பதிப்புகள். 1969இல் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை யாரோ வெள்ளை உறையில் போட்டு விற்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கக் கச்சேரி ஒன்றும் முத்திரை குத்திய வெற்று உறையில் கடைகளுக்கு வந்தது. நிறுவனத்தின் மெருகு படாத, மேடையில் உண்மையாக நடந்த இசை அதில்தான் இருக்கிறது என்று இரசிகர்கள் நம்பினார்கள். 'தி ஹூ' அந்தத் தோற்றத்தையே அதிகாரபூர்வமான தட்டுக்குக் கொடுத்தது. கள்ளப் பதிப்பைத் தேடி எங்கும் போக வேண்டாம், அந்த நேர்மையை நாங்களே தருகிறோம் என்று சொல்லும் உறை அது.

'டாமி'யின் உறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓவியமும் மடிப்பும் கனவுமாக விரியும் அதற்கு அடுத்து, பெயர் மட்டும் குத்திய இந்த அட்டை. இரண்டுக்கும் இடையே ஓராண்டுதான்.

உறைக்குள் தாள்கள் இருக்கும் என்கிறார்களே, என்னென்ன?

உறை புத்தகம்போலத் திறக்கும். ஒரு பக்கப் பையில் இசைத்தட்டு, மறுபக்கப் பையில் பன்னிரண்டு தாள்கள். எல்லாம் குழுவின் பழைய பெட்டியிலிருந்து எடுத்த காகிதங்களின் நகல்கள். டவுன்ஷெண்ட் கையைச் சுழற்றிக் கிட்டாரை அறையும் மார்க்கீ மன்றச் சுவரொட்டி, 'மை ஜெனரேஷன்' பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து கையால் திருத்தங்கள் எழுதிய தாள், குழுவை ஏற்க மறுத்து ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம், மேடையில் வெடிக்கும் புகைக் குண்டுகள் வாங்கிய ரசீது, வுட்ஸ்டாக் விழாவுக்கான ஒப்பந்தம்.

எனக்குப் பிடித்தது அந்த நிராகரிப்புக் கடிதம். வெற்றி பெற்றவர்கள் தங்களை வேண்டாம் என்று சொன்ன கடிதத்தைப் பொதுவாக ஒளித்துவைப்பார்கள். இவர்கள் அதை அச்சடித்து, தட்டு வாங்குகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். அடுத்தது புகைக் குண்டு ரசீது. கிட்டாரை உடைப்பதும் டிரம்ஸைக் கவிழ்ப்பதும் அந்தக் குழுவின் அடையாளமாக இருந்த காலத்தில், அதற்கெல்லாம் யாரோ கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பில் வாங்கி வந்திருக்கிறார்கள். அந்தச் சிறிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் அந்த மேடைக்குப் பின்னால் நடந்த உழைப்பும் கண்ணில் தெரியும்.

என் பிரதியில் டப் டப் என்று ஒரு சத்தம் வருகிறது. தட்டு கெட்டுவிட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலைத் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளே சொல்லிவிடும்.

என் முதல் பிரதி வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 'ஷேக்கின் ஆல் ஓவர்' பாட்டில் சொடக்குப் போடுவதுபோலச் சிறு சத்தங்கள். தூசி என்று நினைத்துத் தட்டைக் கழுவினேன். உலர வைத்து மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே சத்தம். ஊசியைத் துடைத்தேன். மறுபடி கழுவினேன். சத்தம் போகவில்லை. கடைசியில் மேசை விளக்கின் கீழே தட்டைச் சாய்த்துக் கீறல் தேடியபோதுதான் லேபிளைப் படித்தேன். அச்செழுத்து இல்லை, கையெழுத்து. பாடல் பெயர்களோடு ஒரு குறிப்பு: கரகரப்புச் சத்தம் இருக்கலாம், திருத்த வேண்டாம்.

தட்டை அச்சிடும் தொழிற்சாலையின் பொறியாளர்கள் பிழை என்று நினைத்து நீக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட குறிப்பு அது. எழுதியது டவுன்ஷெண்ட் என்று சொல்வார்கள். சத்தத்துக்குக் காரணம் என்ட்விசிலின் பேஸ் கிட்டாரிலிருந்து போன மின்கம்பி. அதில் இருந்த கோளாறு அப்படியே நாடாவில் ஏறிவிட்டது. அதாவது அந்த டப் டப் ஒலி அந்தச் சனிக்கிழமை இரவுப் பதிவிலேயே இருந்தது. அன்றிரவு முதல் நான் அதை ஒரு வாத்தியமாகவே கேட்கிறேன்.

இந்தச் சத்தத்தையும் தூசியையும் கீறலையும் எப்படிப் பிரித்தறிவது? எளிது. எல்.பி. எனப்படும் இந்தப் பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. கீறல் என்றால் அந்த இடைவெளியில் சீராகத் திரும்பத் திரும்ப வரும். தூசி என்றால் ஒழுங்கில்லாமல் வரும், கழுவினால் குறையும், பாட்டு தொடங்கும் முன் இருக்கும் வெற்றுத் தடத்திலும் கேட்கும். கம்பியின் சத்தம் இசைக்குள் மட்டும், எத்தனை முறை போட்டாலும், எந்தப் பழைய பிரதியைப் போட்டாலும் அதே இடத்தில் வரும்.

இரண்டு மணி நேரக் கச்சேரியில் ஆறே பாட்டுதானா? 'டாமி' முழுவதையும் வாசித்தார்களாமே?

ஆம், ஏறக்குறைய முழுவதையும் வாசித்தார்கள். கச்சேரியின் நடுப்பகுதியே அதுதான். தட்டில் அது தனிப்பாடலாக ஒன்றுகூட இல்லை.

ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்தில் ஒலித்தரம் குன்றாமல் இருபது நிமிடம் அல்லது கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். ஆகவே எதையாவது விட்டாக வேண்டும். இரட்டைத் தட்டாக வெளியிட்டிருக்கலாம், ஆனால் 'டாமி' ஓராண்டுக்கு முன்புதான் இரட்டைத் தட்டாக வந்திருந்தது. அதையே மறுபடி மக்களிடம் விற்பதற்குப் பதிலாக, ஓபெரா என்ற பெயர் ஒட்டுவதற்கு முன்னாலிருந்த குழுவை எடுத்துக் காட்டினார்கள். ஆறில் மூன்று பாடல்கள் பிறருடையவை. மீதி மூன்றும் 1965க்கும் 1968க்கும் இடையில் தனிப்பாட்டாக வந்த சொந்தப் பாடல்கள்.

எதை விடுவது என்று தெரிந்தவர்கள் செய்த தட்டு இது. முழுக் கச்சேரி பின்னாளில் வந்துவிட்டது, நானும் வாங்கி மகிழ்ந்து கேட்டேன். அது ஓர் இரவின் ஆவணம். இந்த ஆறு பாடல் தட்டு, அந்த இரவிலிருந்து செதுக்கி எடுத்த சிற்பம். முதலில் இதைக் கேளுங்கள், பிறகு அதற்குப் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் என்ன இருக்கிறது? எதைக் கவனித்துக் கேட்பது?

முதல் பக்கம் சுமார் 15 நிமிடம், நான்கு பாடல்கள்.

தொடக்கம் 'யங் மேன் ப்ளூஸ்'. மிசிசிப்பியைச் சேர்ந்த மோஸ் ஆலிசன் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் 1957இல் பதிவுசெய்த, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் மட்டுமே ஓடும் அமைதியான பாட்டு. இளைஞனுக்கு இந்தக் காலத்தில் ஒன்றுமில்லை, காசெல்லாம் முதியவர்கள் கையில் என்பது பொருள். ஆலிசன் அதைத் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்வதுபோலப் பாடுவார். 'தி ஹூ' அதை அடிதடியாக மாற்றியது. டால்ட்ரி ஒரு வரியை எந்த வாத்தியமும் இல்லாமல் தனியாகப் பாடுவார். அடுத்த கணம் மூன்று வாத்தியங்களும் ஒரே நேரத்தில் இடிந்து விழும். மறுபடி மௌனம், மறுபடி குரல், மறுபடி இடி. அந்த மௌனங்களைக் கவனியுங்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று நால்வருக்கும் தெரியும், நமக்குத் தெரியாது.

'சப்ஸ்டிட்யூட்' இரண்டே நிமிடம், வந்ததும் போய்விடும். அடுத்தது எடி காக்ரன் 1958இல் பாடிய 'சம்மர்டைம் ப்ளூஸ்'. கோடை விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சலித்துப்போகும் பையனின் பாட்டு. முதலாளியின் அதட்டலை அடிக்குரலில் பேசுவது என்ட்விசில். இதைத் தனிப்பாட்டாகவும் வெளியிட்டார்கள், அமெரிக்காவில் 27ஆம் இடம் வரை போனது. பக்கத்தின் முடிவில் ஜானி கிட் குழுவினர் 1960இல் பாடிய 'ஷேக்கின் ஆல் ஓவர்'. மேலே சொன்ன கம்பிச் சத்தம் தெளிவாகக் கேட்பது இங்கேதான்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் மாற்றும் திருகு இருந்தால் அதை ஒரு கோடிக்குத் திருப்பிக் கேளுங்கள், பிறகு எதிர்க்கோடிக்கு. கிட்டாரை ஒரு பக்கமும் பேஸை எதிர்ப்பக்கமும் வைத்துக் கலந்திருக்கிறார்கள். பேஸ் பக்கத்தை மட்டும் கேட்டால் திகைத்துப் போவீர்கள். தாளத்துக்குத் துணையாக அடியில் நின்று முணுமுணுக்கும் பேஸ் இல்லை அது. கிட்டாருக்குச் சமமாக ஓடி, வளைந்து, சில இடங்களில் அதை முந்திக்கொண்டு போகும். டவுன்ஷெண்ட் ஒரு நாணை அறைந்து அதை அதிர விட்டு நிற்கும்போது இசையை நகர்த்துவது என்ட்விசிலின் விரல்கள். மூனோ பாட்டின் தாளத்தைக் காப்பாற்றும் கவலையே இல்லாமல், பாடகரின் குரலோடு உருண்டு புரண்டு வருகிறார். மூன்று வாத்தியங்களிலிருந்து இவ்வளவு பெரிய ஒலி எப்படி வருகிறது என்பதற்கு விடை அந்தத் திருகில் இருக்கிறது.

இரண்டாம் பக்கம் ஏறக்குறைய 22 நிமிடம், இரண்டே பாடல்கள். 1965இல் மூன்று நிமிடத்துச் சொச்சம் ஓடிய 'மை ஜெனரேஷன்' இங்கே 14 நிமிடத்தைத் தாண்டுகிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் கிட்டார் ஒரு புதிய வழியைத் திறக்கும், மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். 'டாமி' தனிப்பாடலாக இல்லை என்று சொன்னேனே, அதன் கீற்றுகள் இந்தப் பயணத்தின் நடுவில் எட்டிப் பார்க்கும். இடையில் ஓரிடத்தில் எல்லாம் அடங்கிக் கிட்டார் மட்டும் தனியாக நிற்கும். ஒரு வீச்சு, அது கூடத்தில் கரையும் வரை காத்திருப்பு, பிறகு அடுத்த வீச்சு. நான் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடும் இடம் அதுதான்.

கடைசியில் 'மேஜிக் பஸ்'. மரக்கட்டையில் தட்டும் டிக் டிக் ஓசையில் தொடங்கும். ஒருவர் பஸ்ஸை விலைக்குக் கேட்கிறார், மற்றவர் கொடுக்க மறுக்கிறார். பேரம் நடக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. கட்டை ஓசையில் தொடங்கியது, டால்ட்ரியின் ஹார்மோனிகாவோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் முடியும்.

இரண்டாம் பக்கத்தின் முடிவில் ஒலி கொஞ்சம் மங்குகிறதே?

இது எல்லா எல்.பி.க்கும் உள்ள இயல்பு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் தடம் ஊசியின் கீழே ஓடும். லேபிளுக்கு அருகே வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே நுணுக்கமான அலையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் செதுக்க வேண்டும், ஊசியும் அதைப் பின்பற்ற வேண்டும். போதாக்குறைக்கு இரண்டாம் பக்கம் நீளமானது, உரத்த முடிவும் அங்கேதான் வருகிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் பொருத்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மாட்டிய நாளிலிருந்து கோணத்தைச் சரிபார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

குறுந்தகட்டிலும் புதிய பதிப்புகளிலும் என்ன வேறுபாடு?

1995இல் வந்த குறுந்தகட்டில் பதினான்கு பாடல்கள். ஒலியை மறுபடி கலந்து, கம்பிச் சத்தத்தைக் கணினி உதவியால் பெரிதும் நீக்கிவிட்டார்கள். 2001இல் இரண்டு குறுந்தகடுகளில் முழுக் கச்சேரியும் வந்தது. 'டாமி'யை இரண்டாவது தகட்டுக்குத் தள்ளியதால் மேடையில் வாசித்த வரிசை மாறிப்போனது. 2010இல் ஹல் கச்சேரியும் பழைய தட்டின் மறு அச்சும் சேர்ந்த பெரிய பெட்டி. 2014இல் மேடையில் நடந்த வரிசையிலேயே முழுக் கச்சேரி.

1995 பதிப்பின் ஒலி தெளிவானது, என்ட்விசிலின் விரல் அசைவுகள் அதில் இன்னும் துலக்கமாகக் கேட்கின்றன. ஆனால் திருத்த வேண்டாம் என்று எழுதிவைத்ததைத் திருத்தியது எனக்கு உடன்பாடில்லை. ஆறு பாடல்களை அந்தப் பழைய கலவையில், அந்தச் சத்தத்தோடு கேட்க வேண்டுமென்றால் பழைய தட்டையோ அதை அப்படியே பின்பற்றிய மறு அச்சையோதான் தேட வேண்டும்.

முதல் அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறையில் குத்திய முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஆரம்பப் பிரதிகளில் கருப்பு. அவை மிக அரிது. பிறகு வந்தவை நீலமும் சிவப்பும். பட்டியல் எண் இங்கிலாந்தில் ட்ராக் 2406 001, அமெரிக்காவில் டெக்கா டிஎல் 79175. பிற்காலத்து மறுபதிப்புகள் பலவற்றில் தாள்கள் இருக்காது.

கருப்பு முத்திரைக்காகப் பெரும்பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நீலத்திலும் சிவப்பிலும் கேட்பது அதே கச்சேரிதான்.

பழைய பிரதி வாங்கும்போது எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்?

தாள்களை எண்ணுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு விற்பனையாளர் முழுமையான பிரதி என்று சொல்லி அனுப்பியதைப் பிரித்தபோது எனக்குப் பத்துத் தாள்களே கிடைத்தன, சுவரொட்டி இல்லை. பலர் அந்தக் காலத்திலேயே அதை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன் பன்னிரண்டையும் பரப்பிவைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். சுவரொட்டியின் நான்கு மூலைகளிலும் ஊசி குத்திய துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை இருந்தால் விலையைக் குறைக்கலாம்; எனக்கென்னவோ துளையுள்ள சுவரொட்டி மீது பிரியம் அதிகம். ஏதோ ஓர் இளைஞனின் அறையில் அது தொங்கியிருக்கிறது.

தட்டில் 'யங் மேன் ப்ளூஸ்' பாட்டின் மௌனங்களை ஒலிக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த தட்டு இரைச்சலான இடத்தில் தப்பித்துக்கொள்ளும், மௌனத்தில் மாட்டிக்கொள்ளும். கரகரப்பு இயல்பானதுதான், லேபிளிலேயே எழுதியிருக்கிறதே என்று சொல்லித் தேய்ந்த பிரதியை விற்பவர்களும் உண்டு. மேலே சொன்ன 1.8 நொடிக் கணக்கு அங்கே கைகொடுக்கும்.

சென்னை போன்ற ஊரில் இதை எப்படிப் பாதுகாப்பது?

வெயிலும் ஈரப்பதமும் இரண்டு தனித்தனி எதிரிகள். தட்டு செய்யப்படும் வினைல் வெப்பத்தில் வளைந்துவிடும். ஜன்னலோரம், மூடிய கார், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண், மூன்றும் கூடாது. தட்டுகளைப் புத்தகம்போல நிமிர்த்திவைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது.

இந்த உறைக்குத் தனிக் கவனம் தேவை. மேலே பளபளப்புப் பூச்சு இல்லாத அட்டை என்பதால் கடற்கரைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சை பிடிக்கும். வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள், ஆனால் வாயை ஒட்டி அடைத்துவிடாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழி வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தாள்களை எடுத்து மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் ஆறவிடுவது என் வழக்கம். தட்டைக் கழுவக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் போதும். லேபிள் நனையவே கூடாது. இந்தத் தட்டில் லேபிளின் கையெழுத்தும் படைப்பின் ஒரு பகுதி.

விலையுயர்ந்த கருவி இல்லாமல் கேட்கலாமா?

தாராளமாக. தட்டை அழுத்திக் கீறாத, ஊசியின் பாரத்தைச் சரிசெய்யக்கூடிய எளிய டர்ன்டேபிள் போதும். இது சன்னமான ஒலிகளால் ஆன ஆல்பம் இல்லை. காசைக் கருவியில் போடுவதைவிட, கொஞ்சம் சத்தமாக வைக்க அனுமதிக்கும் அண்டை வீட்டாரைச் சம்பாதிப்பது நல்லது. என் மாடிவீட்டுப் பெரியவர் நான் இதைப் போட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வராந்தாவில் வந்து உட்காருவார். மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர். மூனின் டிரம்ஸைக் கேட்டுவிட்டு, "இந்தப் பையன் கணக்கு வைக்கிறான், ஆனால் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்கிறான்" என்றார்.

அந்த உணவுக்கூடம் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 2006 ஜூன் 17 அன்று 'தி ஹூ' மறுபடி அங்கே வந்து வாசித்தது. அன்று சுவரில் நீலநிறப் பலகை ஒன்றும் திறக்கப்பட்டது. வந்தவர்கள் டால்ட்ரியும் டவுன்ஷெண்டும்தான். மூன் 1978இலும் என்ட்விசில் 2002இலும் போய்விட்டார்கள். அந்தக் கூடத்தில் மாணவர்கள் சாப்பிடுகிறார்கள், கச்சேரிகளும் நடக்கின்றன.